மூன்று கொடியையும் பிடிப்பது பலமா, பிழையா?

கொடிமரம் | ஞாயிறு, இரவு 11:40

ஆட்டம் முடிந்து மூன்று மணி நேரமாகிறது, மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்த இழை.

கால் ஆஃப் டூட்டி 4 என்ற துப்பாக்கி வீடியோ ஆட்டம், அதில் டாமினேஷன் என்ற கொடி பிடிக்கும் ஆட்டமுறை (மோடு). எங்கள் வாராந்தரக் குழு, ஆறு பேருக்கு ஆறு பேர். விதி தெரிந்ததுதான்: ஏ, பி, சி என்று மூன்று கொடிகள், கையில் உள்ள ஒவ்வொரு கொடிக்கும் ஐந்து நொடிக்கு ஒரு புள்ளி, முதலில் 200 தொடும் அணிக்கு வெற்றி. ஏ, பி இரண்டும் எங்களிடம். 124–76 என்று முன்னால் இருந்தோம். பி கொடிக்குப் பக்கத்தில் ஒரு குட்டைச் சுவர். அதன் பின்னால் மண்டியிட்டு, சி-யிலிருந்து வரும் சந்து வழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்த எதிரிகள் மீண்டும் உயிர்பெற்று சி பக்கமே எழுந்தார்கள், அந்தச் சந்து வழியாகவே வந்தார்கள், வந்தவர்கள் விழுந்தார்கள்.

அப்போது எங்கள் ஆட்கள் மூவர் சி-யை நோக்கி ஓடினார்கள். பிடித்தும் விட்டார்கள். வாய்ஸில் (குழுவின் குரல் அரட்டையில்) ஒரே ஆரவாரம். பதினைந்து நொடி மூன்று கொடியும் எங்களுடையவை. அதற்குப் பிறகு என் முதுகுக்குப் பின்னால், ஏ பக்கத்திலிருந்து குண்டு வந்தது. திரும்புவதற்குள் விழுந்தேன். சி-யில் நம் ஆட்கள் நின்றதால் எதிரிகள் அங்கே எழவில்லை. மேப்பின் (ஆடுகளத்தின்) மறுகோடியில், யாரும் காவல் இல்லாத ஏ-க்குப் பக்கத்தில் எழுந்திருக்கிறார்கள். ஏ போனது, பி போனது. கடைசி வரை எங்களுக்கு மிஞ்சியது சி மட்டும். முடிவு 195–200.

என் கட்சி இதுதான்: இரண்டு கொடி கையில் இருந்தால் மூன்றாவதைத் தொடக்கூடாது. எதிரிக்கு ஒரு கொடியை விட்டுவைப்பது தயவு அல்ல. அவன் எங்கிருந்து வருவான் என்பதை நாம் தீர்மானிக்கும் வழி அது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

ஆழிமுத்து | திங்கள், காலை 7:15

வருத்தம் புரிகிறது, நண்பரே. ஆனால் "தொடவே கூடாது" என்பதைக் கணக்கு ஒப்புக்கொள்ளாது.

இரண்டு கொடி நமக்கு, ஒன்று அவர்களுக்கு என்றால் ஐந்து நொடிக்கு நம் முன்னிலை ஒரு புள்ளி கூடும். மூன்றும் நமக்கு என்றால் மூன்று புள்ளி கூடும். அதாவது மூன்றாவது கொடி முன்னிலையை மும்மடங்கு வேகத்தில் வளர்க்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் ஐந்து நொடிக்குக் கூடுதல் லாபம் இரண்டு. இரண்டிலிருந்து ஒன்றுக்கு விழுந்தால் ஐந்து நொடிக்கு நஷ்டமும் அதே இரண்டுதான். ஆகவே மூன்று கொடி எத்தனை நொடி நின்றதோ, அதன் பிறகு அத்தனை நொடி ஒற்றைக் கொடியில் கிடந்தால் கணக்கு நேராகிவிடும்.

நீங்கள் மூன்று கொடியில் நின்றது 15 நொடி. அதன் பிறகு ஒற்றைக் கொடியில் கிடந்தது, உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால், 310 நொடி. தவறு சி-யைப் பிடித்ததில் இல்லை. பி-யை அந்த ஐந்து நிமிடத்தில் ஒருமுறைகூட மீட்காததில் இருக்கிறது. சி-க்குப் போன மூவரும் பிறகு என்ன செய்தார்கள்?

கொடிமரம் | திங்கள், காலை 8:02

சி-யைக் காத்தார்கள். கையில் இருக்கும் ஒரே கொடியையும் விட்டுவிடக் கூடாது என்ற பயம். மீதி மூவர் பி-க்கு ஒருவர் பின் ஒருவராகப் போய் ஒருவர் பின் ஒருவராக விழுந்தோம். அதுவரை எதிரிகளுக்கு நாங்கள் செய்ததை அவர்கள் எங்களுக்குச் செய்தார்கள்.

வெள்ளைக்கொக்கு | திங்கள், மாலை 6:30

இந்தக் கேள்விக்கு எல்லா விளையாட்டுக்கும் பொதுவான பதில் கிடையாது. எத்தனை இடத்துக்கு எத்தனை புள்ளி என்ற அட்டவணையில்தான் பதில் இருக்கிறது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய ஆட்டத்தின் அராத்தி பேசின் போர்க்களம் 2005இல் வந்தது. பதினைந்து பேருக்குப் பதினைந்து பேர், ஐந்து இடங்கள்: லாயம், கொல்லன் பட்டறை, மர ஆலை, பண்ணை, சுரங்கம். பட்டறை நட்டநடுவில். பழைய கணக்கு எனக்கு இன்னும் மனப்பாடம். ஓர் இடம் என்றால் 12 நொடிக்கு 10 புள்ளி. இரண்டு என்றால் 9 நொடிக்கு 10. மூன்றுக்கு 6 நொடி, நான்குக்கு 3 நொடி. ஐந்தும் கிடைத்தால் நொடிக்கு 30! அன்றைய இலக்கு 2000. மூன்று இடத்தோடு நின்றால் இருபது நிமிடம் ஆகும். ஐந்தும் விழுந்தால் ஒரு நிமிடம் ஏழு நொடியில் ஆட்டமே முடியும். எதிரி ஏதாவது ஒரு கொடியைத் தொட்டு முடித்தபின் அது அவன் வசமாகவே ஒரு நிமிடம் வேண்டும் என்பதால், ஐந்தாவது இடம் அங்கே ஆசை அல்ல, தீர்ப்பு.

ஆனாலும் அனுபவப்பட்டவர்கள் மூன்றோடு நிற்கவே சொல்வார்கள். காரணம் கொடி அல்ல, ஆள். ஐந்து இடத்துக்குப் பதினைந்து பேரைப் பிரித்தால் இடத்துக்கு மூன்று பேர்தான். எதிரியோ பத்துப் பேராகச் சேர்ந்து ஒரே இடத்தில் விழுவான்.

லாயத்தில் தனியாகக் காவல் நின்ற ஓர் இரவை இன்றுவரை மறக்கவில்லை. மற்ற எல்லோரும் பட்டறையில் சண்டை. என்னைச் சுற்றிப் புல், வேலி, கொடி, வேறு எதுவும் இல்லை. திடீரென்று மண்டையில் ஓர் அடி. மறைந்து வந்த ரோக், பதுங்கித் தாக்கும் வகை வீரன். இப்படிக் கட்டிப்போட்டால் அதை அறுக்கும் ட்ரிங்கெட் என்ற பொருளை முந்தைய சண்டையிலேயே செலவழித்துவிட்டேன். உடம்பு அசையவில்லை, விரல் மட்டும் விசைப்பலகையில் இருக்கிறது. கண் முன்னால் அவன் குனிந்து கொடியைத் தொடுகிறான். பச்சைக் கோடு மெல்ல நிறைகிறது. அது நிறையப் பத்து நொடி ஆகும், நடுவில் ஒரு சிறு அடி பட்டாலும் அறுந்துவிடும். "லாயம், ஒருவன்" என்று தட்டினேன். பட்டறையிலிருந்து ஒரு வேட்டைக்காரர் குதிரையேறி வந்து, ஒன்பதாவது நொடியில் எட்டத்திலிருந்தே ஓர் அம்பு விட்டார். கோடு அறுந்தது. அந்த ஓர் அம்பில்தான் அந்த ஆட்டத்தை வென்றோம்.

நிலம் பிடிக்கும் ஆட்டத்தில் காவல் நிற்பவர் பெயர் கடைசிப் பட்டியலில் கீழேதான் இருக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்து ஆளை எடைபோடாதீர்கள் என்று எப்போதும் சொல்லி வருகிறேன்.

பொன்வண்டு | திங்கள், இரவு 9:10

அண்ணா, நான் இதற்குப் புதிது. சென்ற வாரம் ஒரு ஆட்டத்தில் 31 பேரை வீழ்த்தினேன், அணியில் நான்தான் முதல். ஆனால் தோற்றோம். ஒருவர் வாய்ஸில் "ஒரு கொடியையாவது தொட்டாயா?" என்று கடிந்தார். எதிரியை வீழ்த்துவதும் அணிக்கு உதவிதானே?

கருக்கல் | திங்கள், இரவு 10:25

தம்பி, கடிந்துகொண்டது தவறு. ஆனால் கேள்வி சரியானது. எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்தது.

டாமினேஷனில் கொலைக்கு அணிப்புள்ளி இல்லை. கொடிக்கு மட்டும்தான். நீங்கள் வீழ்த்திய 31 பேரும் பி-யைச் சுற்றி விழுந்திருந்தால் அது பெரிய உதவி. மேப்பின் ஓரத்தில், எந்தக் கொடிக்கும் போகாத பாதையில் விழுந்திருந்தால், அவர்களை நீங்கள் விரைவாகத் திருப்பி எழுப்பிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

பேட்டில்ஃபீல்டு 1942 வேறு வழியில் போனது. 2002இல் ஸ்வீடனின் டைஸ் நிறுவனம் செய்தது. அதன் கான்க்வெஸ்ட் மோடில் இரு அணிக்கும் டிக்கெட் உண்டு. ஒருவர் செத்து மீண்டும் எழுந்தால் ஒரு டிக்கெட் குறையும். கொடிகளில் பெரும்பகுதி எதிரி கையில் இருந்தால், யாரும் சாகாவிட்டாலும் நம் டிக்கெட் தானாகக் கரையும். உயிரும் நிலமும் ஒரே உண்டியலிலிருந்து போகின்றன. எனக்குத் தெரிந்து இந்த ஆட்டவகையில் கண்டுபிடிக்கப்பட்ட மிக அழகான விதி இதுதான். எத்தனை கொடி பிடித்தாலும் கண்மூடித்தனமாகப் பாய்ந்து செத்துக்கொண்டிருந்தால் தோற்போம். எத்தனை பேரைச் சுட்டாலும் கொடியை விட்டால் கரைவோம்.

2004இல் எங்கள் ஊர்ப் பிரவுசிங் சென்டரில் எட்டுக் கணினிகளை இணைத்து வேக் தீவு ஆடுவோம். பசிபிக்கில் குதிரை லாடம் போல் வளைந்த பவளத்தீவு. 1941 டிசம்பரில் ஜப்பான் தாக்கிய அதே தீவு. தொடக்கத்தில் கொடியெல்லாம் அமெரிக்கர் பக்கம். ஜப்பானியருக்குக் கரையில் ஒரு பிடி மண் கிடையாது, கடலில் கப்பல்தான். எல்லோரும் தென்கரையில் இறங்கிச் செத்துக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் படகைச் சத்தமில்லாமல் சுற்றிக் கொண்டுபோய், ஆளில்லாத ஒரு கொடியின் கீழ் படுத்துக் கிடப்பான். கொடி மாறியதும் செத்த எல்லோரும் அங்கே எழுவோம். ஒரே நொடியில் அமெரிக்கரின் முதுகு எங்களுக்கு முன்னால். கொடிமரம் அவர்களுக்கு நேர்ந்தது அதுவேதான். பிடித்த இடம் பிறக்கும் இடமும் ஆகிறது. அதை மறந்தால் முதுகில்தான் குண்டு.

மைத்துளி | செவ்வாய், காலை 6:50

எல்லோரும் கொடியையே பேசுகிறீர்கள். கொடியே இல்லாமல் நிலம் பிடிக்கும் ஓர் ஆட்டத்தையும் இங்கே சேர்க்க விரும்புகிறேன்.

நிண்டெண்டோவின் ஸ்பிளாட்டூன், 2015. டர்ஃப் வார் மோடில் நால்வருக்கு நால்வர், மூன்று நிமிடம். துப்பாக்கியில் குண்டு இல்லை, மை. தரையில் எவ்வளவு பரப்பு யார் நிறத்தில் இருக்கிறது என்பதே முடிவு. சுவரில் அடித்தது கணக்கில் வராது, தரை மட்டும்தான். நம் மையில் கணவாயாக மாறி நீந்தலாம், ஒளியலாம், மை நிரப்பிக்கொள்ளலாம். எதிரியின் மையில் கால் வைத்தால் சேற்றில் சிக்கியது போல் நடை தளரும், உடம்பும் நோகும். ஆகவே பிடித்த நிலம் உடனடியாகப் பாதையாகிறது. புள்ளி பிறகு வரட்டும், முதலில் நடக்க இடம் வேண்டும்.

உங்கள் கேள்விக்கு இதில் ஒரு வேறுபாடு உண்டு. டாமினேஷனில் ஒவ்வொரு ஐந்து நொடியும் எண்ணப்படுகிறது. டர்ஃப் வாரில் மணி அடிக்கும் நொடியில் தரை என்ன நிறமோ அது மட்டும்தான் எண்ணப்படுகிறது. இரண்டரை நிமிடம் மேப் முழுவதும் நம் நிறமாக இருந்து, கடைசி முப்பது நொடியில் நால்வரும் ஒன்றாக விழுந்தால் போயிற்று. அதனால் கடைசி நிமிடத்தின் இசை தொடங்கியதும் நான் சண்டையைத் தேடிப் போக மாட்டேன். உயிரோடு இருந்து, நடுப்பகுதியில் மை அடித்துக்கொண்டே இருப்பேன். புதியவர்களுக்கு இன்னொன்று: நம் சொந்தத் தளத்தின் மூலைமுடுக்கையும் பூசுங்கள். அங்கே யாரும் வந்து அழிப்பது அரிது, அந்தப் பரப்பும் சம மதிப்புதான். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்ற ஆட்டங்கள் என் நினைவில் நிறைய இருக்கின்றன.

நொச்சிவேலி | செவ்வாய், மதியம் 1:20

நம் புறத்திணைகளைப் படித்தவர்களுக்கு இந்த மோடுகள் எதுவும் அந்நியமில்லை. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் அச்சு அசலாக அதுதான். மண்ணாசையால் பகைவர் நாட்டின் மேல் செல்வது வஞ்சி. மதிலை வளைப்பது உழிஞை, உள்ளே நின்று காப்பது நொச்சி. வேறு பொருள் எதுவும் இல்லாமல், வலிமை காட்டுவதற்காகவே களத்தில் நேருக்கு நேர் மோதுவது தும்பை. பொன்வண்டு ஆடியது தும்பை. அணி ஆடியது வஞ்சி. கடிந்துகொண்டவர் அதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்.

நான் ஆடுவது எப்போதும் நொச்சிதான், பெயரிலேயே தெரியும்.

வடவாறு | செவ்வாய், இரவு 8:45

துப்பாக்கி ஆட்டங்களில் நிலம் என்பது ஒரு வட்டம். என் பக்கம், வியூக ஆட்டங்களில், நிலம் என்பது ஒரு தொடர்.

கம்பெனி ஆஃப் ஹீரோஸ், 2006. மேப் முழுவதும் பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பகுதியும் ஆள்பலம், வெடிமருந்து, எரிபொருள் என்று ஏதாவது தரும். ஆனால் அந்தப் பகுதி நம் தலைமையகத்தோடு தொட்டுத் தொட்டு இணைந்திருந்தால்தான் தரும். நடுவில் ஒரே ஒரு பகுதியை எதிரி பிடித்துவிட்டால், அதற்கு அப்பால் நமக்கு எரிபொருள் தந்துகொண்டிருந்த இடம் நம் நிறத்திலேயே இருந்தும் பயனற்றுப்போகும். அங்கே "மூன்றாவதைப் பிடிக்கலாமா" என்று யாரும் கேட்பதில்லை. "எதை அறுக்கலாம்" என்றே கேட்பார்கள். எதிரியின் டாங்கி வரும் நேரம் நெருங்கும்போது ஒரு பொறியாளர் குழுவை வேலியோரமாக அனுப்பி ஒரு பகுதியை அறுத்தால், அந்த டாங்கி தாமதமாகும். ஒரு குண்டும் சுட வேண்டியதில்லை.

இதன் உச்சம் ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனத்தின் விண்வெளி ஆட்டம், 2003 முதல் ஓடுகிறது. அங்கே அன்று ஒரு விண்மீன் மண்டலத்தின் மேல் உரிமை கொண்டாடக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில், அதை வைத்திருந்தவர்களின் கட்டணம் செலுத்தப்படாமல் போனது. உரிமை விழுந்தது, எதிர்க்கூட்டணி பாய்ந்தது. சண்டை 21 மணி நேரம் நடந்தது. அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய கப்பலான டைட்டன் 75 அழிந்தன. கூட்டம் தாங்காமல், சர்வர் ஆட்டத்தின் நேரத்தையே பத்தில் ஒரு பங்காக மெதுவாக்கி ஓட்டியது. அந்தச் சிதைவுகளை நினைவுச்சின்னமாக அங்கேயே விட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் தொடக்கம் கட்டாமல் விட்ட ஒரு தவணை. நிலத்தைப் பிடித்தவனுக்கு அதை வைத்திருக்கும் செலவும் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளையாட்டும் காட்டியதில்லை.

ஆழிமுத்து | புதன், காலை 7:05

வடவாறு சொன்ன செலவு எல்லா நல்ல மோடிலும் ஏதாவது ஒரு வடிவில் இருக்கிறது. இல்லாவிட்டால் முதலில் முந்துபவனே கடைசி வரை முந்துவான், ஆட்டம் ஐந்தாவது நிமிடத்திலேயே செத்துவிடும். அதற்கு மருந்து கொடுக்கப்போய் ஆட்டம் முடியவே முடியாமல் இழுப்பதும் உண்டு. வடிவமைப்பவர்களின் தலைவலி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

டீம் ஃபோர்ட்ரஸ் 2 (2007) என்ற துப்பாக்கி ஆட்டத்தின் ஐந்து புள்ளி மேப்பைப் பாருங்கள். இங்கே புள்ளி என்பது மதிப்பெண் அல்ல, பிடிக்க வேண்டிய இடம். நடுப்புள்ளியைப் பிடிக்க நேரம் அதிகம், எதிரியின் கடைசிப் புள்ளியைப் பிடிக்க மிகக் குறைவு. கடைசி வரை தள்ளிக்கொண்டு வந்தவனுக்கு ஆட்டத்தை முடிக்க ஒரு வாய்ப்பு. ஆனால் முந்தைய புள்ளி கையில் இல்லாமல் அடுத்ததைத் தொட முடியாது, பூட்டியிருக்கும். ஆகவே கொடிமரத்துக்கு நேர்ந்தது போல யாரும் முதுகுப்பக்கம் எழுந்து ஏ-யைத் திருட முடியாது. ஆள் கூடினால் பிடிக்கும் வேகமும் கூடும், ஆனால் இரண்டாவது ஆள் பாதி, மூன்றாவது ஆள் மூன்றில் ஒன்று என்று குறைந்துகொண்டே போகும். ஆறு பேரும் ஒரே வட்டத்தில் நிற்பது வீண் என்று விதியே சொல்லித் தருகிறது.

ஓவர்வாட்ச் என்ற ஆட்டத்தில் எதிர்ப்பாடம். அதன் அசால்ட் மோடில் இரண்டாவது புள்ளி காப்பவர்கள் எழும் இடத்தை ஒட்டியே இருந்தது. செத்தவர் எழுந்து நாலெட்டில் வந்துவிடுவார், தாக்குபவர் நெடுந்தூரம் நடந்து வர வேண்டும். ஹனமுரா மேப்பில் அந்த இரண்டாவது புள்ளியின் வாசலில் நான் செலவழித்த மணிநேரம் கொஞ்சநஞ்சமல்ல. 2022இல் ஓவர்வாட்ச் 2 வந்தபோது தரவரிசை ஆட்டத்திலிருந்து அந்த மோடையே எடுத்துவிட்டார்கள். மறு ஆண்டு வந்த ஃப்ளாஷ்பாயிண்ட் மோடில் ஐந்து புள்ளிகள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறக்கும், மூன்றைப் பிடித்தவர் வெற்றி. அதன் மேப்களில் ஒன்றான சுரவாசா இந்தியாவில் அமைந்தது.

கொடிமரம், உங்களுக்கு ஒரு வாய்ப்பாடு தருகிறேன். நமக்கு இன்னும் வேண்டிய புள்ளி, அவர்களுக்கு வேண்டியதைப் போல் இரண்டு மடங்குக்குள் இருந்தால் இரண்டு கொடி போதும், அசையாதீர்கள். இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டால் இரண்டு கொடியோடு காத்திருப்பது தோல்விக்காகக் காத்திருப்பது. மூன்றாவதுக்குப் போயே ஆக வேண்டும். 124–76இல் உங்களுக்கு வேண்டியது 76, அவர்களுக்கு 124. அன்று சி-க்குப் போனது பிழைதான், அந்த அளவில் உங்கள் கட்சி சரி.

கொடிமரம் | புதன், காலை 8:30

இதை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். ஞாயிறு சோதித்துவிட்டுச் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. பொன்வண்டு, விருப்பம் இருந்தால் வாருங்கள், தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.

கொடிமரம் | ஞாயிறு, இரவு 10:50

இரண்டு ஆட்டம். முதலாவதில் தொடக்கத்திலிருந்தே ஏ, பி. சி பக்கம் ஒருவரும் போகவில்லை, எளிதாக வென்றோம்.

இரண்டாவதுதான் உண்மையான சோதனை. 131–168 என்று பின்தங்கியிருந்தோம். ஏ, பி அப்போதுதான் கைக்கு வந்தன. எங்களுக்கு வேண்டியது 69, அவர்களுக்கு 32. இரண்டு மடங்கு 64. தாண்டிவிட்டது. "சி" என்று நான் சொன்னதும் மூவர் போனார்கள். ஆனால் இம்முறை ஏ-யில் ஒருவர், பி-யில் இருவர் அசையாமல் நின்றோம். 35 நொடி மூன்று கொடியும் நின்றன. 152–168. வேண்டியது 48, இரண்டு மடங்குக்குள் வந்துவிட்டது. உடனே சி-யைக் காலி செய்தோம். அவர்கள் வந்து அதை எடுத்துக்கொண்டார்கள், பழைய சந்து வழியாகவே வரத் தொடங்கினார்கள். 200–192.

ஆழிமுத்து, உங்கள் கைக்கு ஒரு முத்தம்.

ஆழிமுத்து | ஞாயிறு, இரவு 11:15

மிக்க மகிழ்ச்சி! பிடித்த கொடியைத் தானாக விட்டு வர ஆறு பேரை எப்படி ஒப்புக்கொள்ள வைத்தீர்கள்? எங்கள் குழுவில் அது நடக்கவே நடக்காது.

பொன்வண்டு | ஞாயிறு, இரவு 11:32

சி-யைப் பிடித்த மூவரில் இருவருக்கு வர மனமில்லை அண்ணா. நான் பி-யில் இருந்தேன். சந்தில் ஆள் வராமல் நின்றுபோனது எனக்குத்தான் முதலில் தெரிந்தது, அப்படியென்றால் வேறு எங்கோ எழுகிறார்கள் என்று கத்தினேன். உடனே திரும்பினார்கள். இன்று நான் வீழ்த்தியது ஒன்பது பேரைத்தான், ஆனால் அந்தக் குட்டைச் சுவரை விட்டு நகரவில்லை. அடுத்த வாரமும் பி எனக்கே வேண்டும், கொடிமரம் அண்ணா.